மேற்கு மடை

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்தான். முகம் கழுவினான். டீக்கு மூன்று டம்ளர் தண்ணீர் அளந்து, ஒன்றைத் திரும்பக் குடத்தில் ஊற்றினான். மாமியாரின் டீயைத் தட்டு போட்டு மூடி வைத்தான். தன்னுடையதை நின்றபடியே குடித்தான். பின்கதவைத் திறந்து, வேலிக்கம்பத்தில் கட்டியிருந்த மழைமானிக் குழாயைப் பார்த்தான். உள்ளே ஒரு செத்த எறும்பு. தட்டிவிட்டான். ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துத் தேதி போட்டு, மழை என்ற கட்டத்தில் 0 என்று எழுதினான்.

அந்த நோட்டில் முதல் அறுபத்தொரு வரிகள் அவன் மனைவியின் கையெழுத்து. அதற்குக் கீழே ஐம்பத்தெட்டு வரிகள் அவனுடையவை. இன்றோடு நோட்டு முடிகிறது. இன்று அறுவடை அளவு.

வயல் ஒன்றுதான். நடுவில் ஒரு வரப்பு. மேற்குப் பாதியில் விதைத் திட்டத்துக்காரர்கள் கொடுத்த மக்காச்சோள விதை. கிழக்குப் பாதியில் அவள் எட்டு வருடமாகக் கதிர் கதிராகப் பொறுக்கிச் சேர்த்த வீட்டு விதை. ஒரே நாளில் விதைத்தது. ஒரே உரம், ஒரே அளவு தண்ணீர். எது கூடுதலாக விளைகிறதோ அதைத்தான் மேட்டு நிலத்து நாற்பது குடும்பமும் வருகிற மழைக்கு விதைக்க வேண்டும். மக்காச்சோளத்துப் பூந்தூள் காற்றில் பறந்து கலந்துவிடும் என்பதால் மேடு முழுக்க ஒரே விதை என்று ஏற்கெனவே கூடிப் பேசியாயிற்று. தோற்ற விதை தீவன மில்லுக்குப் போகும். மேட்டில் வாய்க்கால் கிடையாது. வானத்தை நம்பித்தான் பிழைப்பு. ஒரு போகம் பொய்த்தால் நாற்பது வீட்டிலும் அடுப்பு எரியாது.

மாமியாருக்கும் அங்கே ஒரு துண்டு நிலம் இருந்தது.

அவள் எழுந்து வந்து டீயைக் கையில் எடுத்தாள். “வெறும் வயித்தோடயா போற தம்பி?”

“வந்து சாப்பிடறேன் அத்தை.”

“நேத்தும் இதையேதான் சொன்ன. உன் உடம்பப் பாத்தா, பொண்ணு போனதும் மாமியாக்காரி சோறு போடலன்னு என்னத்தான் ஊரே சொல்லும்.” ஒரு வாய் குடித்தாள். “சக்கரை?”

“போட்டேன்.”

“போட்ட மாதிரி தெரியல.”

போடவில்லை. டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் இந்த வீட்டில்தான் இருக்கிறான். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் சிரித்தபோது முதலில் வாய்விட்டுச் சிரித்தவள் மாமியார்தான். அவளுக்கும் மகளுக்கும் விதையில்தான் சண்டை. “உன் விதைய நீயே கட்டிக்கிட்டு அழு. நாலு காசு தர்ற விதை வாசல்ல வந்து நிக்குது, இவளுக்கு எட்டு வருஷக் கதை” என்பாள் அம்மா. “மேட்டுல தண்ணி இல்லம்மா, அங்க நின்னு காட்டட்டும் பாக்கலாம்” என்பாள் மகள். கடைசிச் சண்டை முற்றி, பத்து நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பதினோராம் நாள் அவள் வயலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

உடலோடு வந்து இறங்கியபோது மாமியார் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “என்ன சொன்னா? கடைசியா என்ன சொன்னா?”

“அம்மாவப் பாத்துக்கோங்கன்னு சொன்னா அத்தை.”

அவள் அப்படிச் சொல்லவில்லை. அவன் வாயில் அதுதான் வந்தது. அன்றிலிருந்து வந்தவர் போனவர் எல்லோரிடமும் மாமியார் அதைச் சொன்னாள். “பத்து நாளு மூஞ்சி குடுத்துப் பேசல. ஆனா போற நேரத்துல என்னத்தான் நெனச்சிருக்கா.” அதைச் சொல்லித்தான் சோறு இறங்கியது. அதைச் சொல்லித்தான் தூங்கினாள்.

நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் வயலுக்குக் கிளம்பினான்.

திட்ட அதிகாரி எட்டு மணிக்கே வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளின் பின்னால் தராசும் நான்கு முளைக்குச்சியும் ஒரு சுருள் கயிறும். சாலையில் ஒரு லாரி நின்றது, நாற்பது மூட்டை திட்ட விதையோடு. மேட்டுக்காரர்கள் பாதிப் பேர் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் வரப்பில்.

“பதினோரு மணிக்கு லாரி அடுத்த ஊர்ல இருக்கணும்” என்றார் அதிகாரி. “இங்க ஜெயிச்சா இங்கயே இறக்கிடுவேன். இல்லன்னா அப்படியே போயிடும். சீக்கிரம் முடிப்போம்.”

“ஜெயிக்காம எங்க போகும் சார்?” என்றார் வாய்க்காலில் தண்ணீர் முறை பார்க்கிறவர். முறைக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். தலையில் ஒரு முடி கிடையாது. “டேய், காலேஜுக்கு யாராவது குடை பிடிங்கப்பா. காலேஜ் படிச்ச வீட்டோட மாப்பிள்ளைக்கு வெயில் ஆகாது.”

“உங்க தலைக்குப் பிடிங்க அண்ணே. கண்ணு கூசுது” என்றான் அவன்.

சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் பேசியதற்காகவே கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள்.

அதிகாரி சட்டைப் பையிலிருந்து எண்கள் அச்சிட்ட தாளை எடுத்தார். நல்ல இடமாகப் பார்த்து அறுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த எண்கள். வயலின் மூலையிலிருந்து பதினேழு தப்படி உள்ளே, ஒன்பது தப்படி பக்கவாட்டில். அங்கே முளை அடித்தார். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டினார். கயிற்றுக்குள் நிற்கிற செடி மட்டும் கணக்கு. அவனும் இரண்டு பெண்களும் கதிரை ஒடித்துக் கூடையில் போட்டார்கள்.

மேற்கு முதலில். உறை உரித்துக் குவித்து எடை போட்டார்கள். பத்தொன்பது கிலோ நானூறு.

வரப்பில் விசில் பறந்தது. லாரி நிழலில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள்.

அடுத்து கிழக்கு. அவன் உறையை உரித்தான். கதிர் பாதிக்கு மேல் மணி பிடித்திருந்தது. நுனியில் மூன்று விரல்கடை வெறும் சக்கை. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

முறைக்காரர் ஒன்றை எடுத்துத் தன் தலைக்குப் பக்கத்தில் பிடித்தார். “என் சாடைதான். சந்தேகமே இல்ல.”

எடை பதினொரு கிலோ நூறு.

மாமியார் வரப்போரம் உட்கார்ந்திருந்தாள். எண்ணைக் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டாள். “நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டாளா?” என்றாள். குரல் பாதியில் உடைந்தது. தான் ஜெயித்ததில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

அவன் கையில் இன்னும் அந்த வழுக்கைக் கதிர் இருந்தது. எட்டு வருடத்தில் அவள் பொறுக்கிய கதிர்கள் எல்லாம் நுனிவரை மணி பிடித்தவை. பொறுக்கியதே அதற்காகத்தான். இப்படி ஒன்று அவள் கண்ணில் பட்டால் ஆட்டுக்குப் போட்டுவிடுவாள்.

“நுனி பிடிக்கல பாத்தீங்களா? பழைய விதைகள்ல இந்தக் குறை இருக்கும்” என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே. “தண்ணி ரெண்டுக்கும் சமம்தானே?”

“நோட்டுல இருக்கு சார்” என்றான்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர். முறைக்கு இரண்டு மணி நேரம். கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் அவள் பாய்ச்சுவாள். கிழக்குக்கு ஒரு மணி நேரம் ஆனதும் அந்தப் பக்கம் தண்ணீர் நுழையும் மடையை மூடி மேற்கைத் திறப்பாள். மேற்கு முடிந்ததும் அதையும் மூடினால்தான் வேலை முடிந்தது. மேற்கு தாழ்வு. அந்த வாய் திறந்து கிடந்தால் கிழக்குக்கு ஒரு சொட்டு ஏறாது. அதனால் அங்கே மண்வெட்டியால் மண்ணை இழுத்துப் போட்டு, முழங்கால் வரை சேற்றில் நின்று மிதித்து அடைக்க வேண்டும்.

“ஒரு முறைகூடத் தவறல போலிருக்கே. அவங்க இறந்தப்பக்கூட” என்றார் அதிகாரி.

“எப்படித் தவறும்?” முறைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “அந்த ஒம்பது நாளும் இந்த வீட்டுல யாரும் வயல் பக்கம் எட்டிப் பாக்கல. துக்க வீட்டுத் தண்ணி எதுக்கு வீணாப் போகணும்னு, இவங்க முறை வந்தப்பல்லாம் நான்தான் வாய்க்காலோட தலைமடையத் தெறந்து விட்டேன். மூணு முறை. யாரும் என்னக் கேக்கல. நானாத்தான் செஞ்சேன்.”

“உள்மடைய மாத்தி விட்டீங்களா அண்ணே?” என்றான்.

“அது உங்க வயலுக்குள்ள. அதுல நான் எதுக்குக் கை வைக்கணும்? தெறந்தேன், போயிட்டேன்.”

அதிகாரி கையிலிருந்த நோட்டை அவன் எட்டிப் பார்த்தான்.

அவள் விழுந்த பத்தாம் நாள்தான் அவன் வயலுக்கு வந்திருந்தான். மேற்கு மடை பிளந்து கிடந்தது. மேற்கில் கால் வைத்தால் புதைந்தது. கிழக்கில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பார்த்தான். மண்வெட்டியை எடுத்து மடையை அடைத்தான். வீட்டுக்குப் போனான். நோட்டில் ஒன்பது வரி காலியாக இருந்தது. மேலே அவள் எழுதியிருந்ததைப் பார்த்து, கி 1, மே 1 என்று அப்படியே கீழே எழுதி நிரப்பினான். யோசித்து எழுதவில்லை. அந்த நாட்களில் அவன் எதையும் யோசித்துச் செய்யவில்லை. பல் தேய்த்தான், நோட்டு எழுதினான், படுத்தான்.

கிழக்கு மறுபடி நனைந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவை கதிர் பட்டு நூல் விடுகிற நாட்கள். அப்போது தண்ணீர் இல்லையென்றால் நுனியில் மணி பிடிக்காது. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். காலேஜில் மூணு வருடம் வேதியியல் படித்தவனுக்கு நூல் எது, பூ எது என்று காட்டியவள்.

அதிகாரி தாளை நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்து. வயல் அவங்க பேர்ல பதிஞ்சிருக்கு, இப்ப நீங்கதான் போடணும். ரெண்டு விதைக்கும் எல்லாம் சமமா நடந்துச்சுன்னு. போட்டதும் மூட்டைய இறக்கச் சொல்லிடலாம்.”

மணி பத்து நாற்பது. லாரி டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

“போடுப்பா காலேஜ். வெயிலுக்கு முன்னாடி மூட்டைய வீட்டுக்குக் கொண்டு போகணும்” என்றது ஒரு குரல்.

“போடு தம்பி” என்றாள் மாமியார். “அவ இருந்தாலும் பத்தொம்பதப் பத்தொம்பதுன்னுதான் சொல்லியிருப்பா.”

பேனாவை வாங்கினான். தாளில் வைத்தான். போட்டுவிட்டால் முடிந்தது. நாற்பது வீட்டுக்கும் சந்தோஷம். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. நோட்டும் சாட்சி சொல்லும். போடவில்லையென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் மாமியார் அடுத்த கேள்வி கேட்பாள். அவளுக்கு விஷயம் பிடிபட அரை நிமிடம் போதும்.

மேட்டைப் பார்த்தான். வரிசையாக நாற்பது துண்டு, காய்ந்து வெளுத்துக் கிடந்தன. அங்கே திறந்து வைக்க எந்த மடையும் இல்லை.

பேனாவை மூடினான்.

“இது சமமா நடக்கல சார்.”

“என்னது?”

“மேற்கு மடை திறந்தே கிடந்துச்சு. ஒம்பது நாளு. கதிர் நூல் விடற நேரம். அண்ணன் விட்ட தண்ணி மொத்தமும் மேற்குக்குத்தான் போச்சு. கிழக்குக்கு ஒரு சொட்டு ஏறல. அந்த ஒம்பது வரி நான் எழுதினது. பாத்து எழுதல. மேல இருந்தத அப்படியே எழுதினேன்.”

முறைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப நல்லது செய்யப் போயி நான்தான் கெடுத்தேங்கறியா?”

“உங்க மேல தப்பில்ல அண்ணே. மடைய நான் அடைக்கல.”

“வெச்சான் பாரு ஆப்பு” என்று யாரோ கத்தினார்கள். “பொண்டாட்டி விதை தோத்துடுச்சுன்னு கடைசி நேரத்துல கதை கட்டறான்!”

“இத நேத்து சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?”

“நேத்து எனக்கே தெரியாது” என்றான். அது பாதி உண்மை. கண்ணால் பார்த்திருந்தான். மண்டையில் ஏறவில்லை.

அதிகாரி நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த ஒன்பது வரியும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியவை. கூட்டத்தைத் தாண்டி மேற்கு மடைக்கு நடந்தார். குந்தி உட்கார்ந்து பார்த்தார். மடைக்குக் கீழே தண்ணீர் அரித்த குழி இன்னும் இருந்தது. அதற்குள் வண்டல் படிந்து வெடித்திருந்தது. கிழக்கு மடைக்குக் கீழே அப்படிக் குழி எதுவும் இல்லை. திரும்பி வந்து, எழுதிய இரண்டு எடையையும் குறுக்கே அடித்தார். பேனா தாளைக் கிழித்தது.

“இந்த வயலுக்காக நாலு மாசம் வந்து போயிருக்கேன்” என்றார். “மேல கேட்டா நான் என்ன சொல்றது?”

“நோட்டுல நான் பொய் எழுதினேன்னு சொல்லுங்க.”

“அது உங்களுக்கு நல்லதில்ல.”

“தெரியும் சார்.”

அதிகாரி லாரிப் பக்கம் திரும்பினார். “ரெண்டு மூட்டை மட்டும் இறக்கச் சொல்றேன். சோதனைக்குன்னு எழுதிக்கலாம். வர்ற மழைக்கு மேட்டுலயே போடுங்க. பாதி இது, பாதி அது. யாரும் குடத்துலகூடத் தண்ணி ஊத்தக் கூடாது. மத்தவங்க இந்த வருஷம் அவங்கவங்க வீட்டு விதையே போடட்டும். பூந்தூள் கலக்கும், பக்கத்துத் துண்டுல மட்டும் விதைக்கு எடுக்க வேண்டாம்.”

“யாரு நிலத்துல?” என்றார் முறைக்காரர்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தோற்றால் பாதி விளைச்சல் போகும். யாரும் பிடி கொடுக்கவில்லை.

“என் நிலத்துல போடுங்க” என்றாள் மாமியார். எழுந்திருக்கவில்லை. அவர்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லாரி போனது. முப்பத்தெட்டு மூட்டையும் போனது. பின்னாலேயே மேட்டுக்காரர்களும் போனார்கள். போகிற போக்கில் ஒருவன் அவன் காதில் விழும்படி காறித் துப்பினான். முறைக்காரர் மட்டும் கொஞ்சம் நின்றார். வழுக்கையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

மாமியார் கிழக்குக் குவியலிலிருந்து ஒரு கதிரை எடுத்து மடியில் வைத்திருந்தாள். நுனியிலிருந்த சக்கையைக் கட்டை விரலால் தடவினாள். அவன் இரண்டடி தள்ளி உட்கார்ந்தான்.

“அவ மடைய மூடாம வீட்டுக்கு வர்ற ஆளில்லையே” என்றாள்.

“இல்ல.”

“அன்னைக்கு விழுந்த எடத்துல இருந்து நீதானே தூக்கிட்டு ஓடின.”

“ஆமா. நான் ரோட்டுல நின்னுட்டிருந்தேன். கூப்பிட்டா. வரப்பு மேலயே ஓடி வந்து தூக்கினேன். காய்கறி வேன் ஒண்ணு வந்துச்சு. அதுல ஏத்தினேன்.”

“அவ உன்னக் கேட்டிருப்பாளே.”

அவன் கீழே கிடந்த உறை ஒன்றை எடுத்துக் கிழித்தான்.

“கேக்காம இருந்திருக்க மாட்டா. பெத்தவ எனக்குத் தெரியாதா? உசுரே போனாலும் கேட்டிருப்பா.”

“கேட்டா அத்தை. மேற்கு மடைய மூடிட்டீங்களான்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“மூடிட்டேன்னேன்.”

மாமியார் ஒரு மணியை நகத்தால் பெயர்த்தாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். வயலில் காற்று இல்லை.

“அதுக்கப்புறமா என்னப் பாத்துக்கச் சொன்னா?”

இதற்குத்தான் பேனாவை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போதும் ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். தலையை ஆட்டப் பார்த்தான். ஆடவில்லை.

“சொல்லல அத்தை. அத நான்தான் சொன்னேன்.”

அவள் முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பினாள். அழுவாள் என்று நினைத்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“அப்ப மூடிட்டேன்னு நீ சொன்னதோட சரியா? அத நம்பிக்கிட்டா போனா?”

“இல்ல. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னா.”

“அவ வாயில வந்தத வந்த மாதிரியே சொல்லு. இனிமே நீ எதுவும் சேக்காத.”

வேனின் தரையில் அவளைப் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் ஏந்தியிருந்தான். அவள் கால் இரண்டும் முழங்கால் வரை சேறு. அவன் காலை நீட்டியிருந்தான். மூடிட்டேன் என்று அவன் சொன்னதும் அவள் கண்ணைத் திறந்து, மெதுவாகப் பார்வையை இறக்கி, அவன் பாதத்தைப் பார்த்தாள். வரப்பு மேலேயே ஓடி வந்த கால். வெறும் புழுதி.

“சொல்லு தம்பி.”

சொன்னான்.

“உங்க கால்ல சேறே இல்லையேங்க.”